இரண்டு தட்டு

தறிக்கூடத்தில் வாய் எதற்கும் உதவாது. ஒரே கூரையின் கீழ் நாற்பத்தெட்டுத் தறி ஓடும்போது, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். ஒரு தறி என்ன செய்கிறது என்று நின்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். பாவு நூல் நீளவாக்கில் விறைத்து நிற்கிறது. அதற்குக் குறுக்கே ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓட வேண்டும். நாடா என்றால் முழங்கை நீளத்தில் ஒரு கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். இந்தப் பக்கத்துக் கோல் அதை அடித்துத் துரத்தும். அது அந்தப் பக்கத்துப் பெட்டியில் போய் முட்டி நிற்கும். அங்கே இன்னொரு கோல் காத்திருந்து திருப்பி அடிக்கும். நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி. அதை நாற்பத்தெட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் அங்கே பேச்செல்லாம் உதட்டிலும் கையிலும். எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். திரும்பி நிற்பவரைக் கூப்பிடுவதுதான் கஷ்டம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்பேனராலோ கத்தரிக்கோலின் பிடியாலோ தறியின் இரும்புச் சட்டத்தில் தட்ட வேண்டும். தறிச் சத்தம் தடித்தது, கீழே உருளும். இரும்பின் சத்தம் மெல்லியது, எருமைக் கூட்டத்துக்கு மேலே பறக்கிற கொக்கைப் போல அதற்கு மேலாகப் போகும். ஆளுக்கு ஒரு கணக்கு. சூப்பர்வைசருக்கு நான்கு தட்டு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டவளுக்கு மூன்று. தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டரும் அவர் மனைவியான தறிக்காரியும் ஒருவரையொருவர் கூப்பிட இரண்டு. கேட்டவர் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 'வந்துட்டேன்' என்று அர்த்தம். பிறகு கூப்பிட்டவர் பேசுவார், வந்தவர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

கல்யாணத்துக்கு முன்பே அந்த இரண்டு தட்டு தொடங்கிவிட்டது. "அந்தக் காலத்துல இவ தறி ரிப்பேராகாத நாளே கெடையாது. நல்லா ஓடுற தறிய ஓடவிடாம பண்ணி, அப்புறம் வந்து சரி பண்ணுவாரு மனுசன்" என்று சோடாபுட்டி இன்றைக்கும் சொல்வாள். வீட்டுக்கும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. ஃபிட்டர் ஒரு நாளும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டம்ளரால் மேசையில் இரண்டு தட்டு. அவள் அடுப்படியிலிருந்து கரண்டியால் ஒரு தட்டு. இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது.

அவர் விழுந்தது ஒரு மதிய ஷிஃப்டில். கடைசி வரிசைத் தறிக்கு அடியில் படுத்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கை நழுவியது, பிறகு வலது கால், பிறகு வாய். யாரோ பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரமாகிவிட்டிருந்தது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டால் முதல் சில மணி நேரந்தான் பொன்னான நேரம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் வார்டு வராந்தாவில் வைத்துச் சோடாபுட்டிதான் சொன்னாள்.

"உன்கிட்ட மறைக்கக் கூடாதுடி. அவரு தட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்குக் கேட்டுச்சு. வேலையாத் தட்டுறாருன்னு நெனச்சுட்டேன். ஃபிட்டர்னா தட்டத்தானே செய்வாரு."

"எத்தன தட்டு?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"எத்தன தட்டுன்னு கேக்குறேன்ல."

"ரெண்டு. ரெண்டு ரெண்டாத்தான். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு."

தறிக்காரியின் தறிகள் ஃபிட்டர் படுத்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரம். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருடமாகவே கேட்கவில்லை. தறிக்கூடம் காதைத் தின்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மெல்லிய சத்தங்களைத் தின்னும். கொசுவின் ரீங்காரம், குருவிச் சத்தம், இரும்பு இரும்பில் படும் சத்தம். தடித்தவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். அதனால் தறி ஓடுவது அவளுக்கு நன்றாகக் கேட்டது, ஷிஃப்ட் சங்கு ஊதுவது கேட்டது, வீட்டில் மகள் பேசுவதை உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிட்டாள். காது போனது தெரிந்தால் தறியிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அவர் அருகில் வந்து அவள் கண்ணில் படும்படி தட்டும்போது தலையைத் திருப்பிப் பதில் தட்டிவிடுவாள். அவர் ஏமாந்தார், அல்லது ஏமாந்தது போல இருந்தார்.

சோடாபுட்டி சொன்னதைத் தறிக்காரி தன் மகளிடம் சொல்லவில்லை. தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அது அங்கேயே கிடந்தது.

ஃபிட்டர் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். அதான். பசிக்கிறதா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். கோபம் வந்தால் அதான் அதான் அதான். பார்க்க வந்த சோடாபுட்டி, "இத்தன வருஷமா எதையும் ஒத்துக்காதவரு, இப்பத்தான் எல்லாத்துக்கும் ஒத்துக்கிறாரு" என்றாள். ஃபிட்டரின் இடது பக்க உதடு சிரித்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது.

இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த மகள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், பேச்சு வராதவர்களைப் பாட்டால் பேச வைக்க ஒரு பெண் இருக்கிறாளாம்.

"பாட்டா?" என்றாள் தறிக்காரி. "பேசவே வழியக் காணோம், கச்சேரி ஒண்ணுதான் கொறச்சலா?"

"வந்து பாரும்மா. காசு பணம் ஒண்ணும் இல்ல. உக்காந்து பாத்துட்டு வரப்போற."

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ஆர்மோனியம், சுவரில் கடிகாரம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். டாக்டரம்மா என்று கூப்பிட்டதற்கு, "நான் டாக்டர் இல்லம்மா. இசை சிகிச்சை குடுக்கிறவ" என்றாள். அன்றிலிருந்து அவள் பாட்டு டீச்சர் ஆகிவிட்டாள்.

முதல் நாள் அவள் ஃபிட்டரை எதுவும் கேட்கவில்லை. "அப்பா எந்தப் பாட்ட முணுமுணுப்பாரு?" என்று மகளைத்தான் கேட்டாள். முகச்சவரம் செய்யும்போது அவர் முணுமுணுக்கும் பழைய பாட்டு ஒன்று இருந்தது. பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தில் அதை எடுத்தாள், முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரியில் ஃபிட்டர் சேர்ந்துகொண்டார். ஒரு சொல்கூடத் தடுக்காமல், முழு வரி.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தறிக்காரி கணவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறையச் சொற்கள் அந்த உதட்டில் வரிசையாக வந்து போயின. அவளுக்கு அது கண்கட்டு வித்தை போல இருந்தது.

"எப்படிம்மா? 'தண்ணி'ன்னு ஒரு வார்த்த வரல, பாட்டு வருது?"

இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போலப் பாட்டு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேச்சு ஓடுறது மூளையோட இடது பக்கம். அங்கதான் அடி. பாட்டுக்கு வலது பக்கமும் ஓடும், அது நல்லா இருக்கு. மெயின் ரோட்டுல பாலம் ஒடஞ்சுட்டா என்ன பண்ணுவோம்? சந்து வழியா வண்டிய விடுவோம். மெதுவாத்தான் போகும், ஆனா ஊர் போய்ச் சேரும். 'தண்ணி வேணும்'ங்கறத நாம பேச வேணாம், பாடுவோம். ரெண்டே ரெண்டு சுரம், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கூடவே அவரு இடது கையப் பிடிச்சு, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. கை அசைஞ்சா வாயும் அசையும், ரெண்டும் பக்கத்து வீடு மாதிரி."

பிறகு அவள் தாளை எடுத்தாள். பத்து வாக்கியம் வேண்டும், தினம் தேவைப்படுகிற பத்து. தண்ணி வேணும். பசிக்குது. வலிக்குது. படுக்கணும். வெளிய போகணும்.

"போதும்னு எழுதுங்க" என்றாள் மகள். "சாப்பிடும்போது எங்கப்பா சொல்ற ஒரே வார்த்த அதுதான். அதுவும் தட்டு நெறஞ்சதுக்கு அப்புறந்தான் சொல்லுவாரு."

பாட்டு டீச்சர் எழுதிக்கொண்டு தறிக்காரியைப் பார்த்தாள். "உங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "ஒண்ணும் சொல்லிக் கூப்பிடமாட்டாருங்க."

பல வீடுகளில் அப்படித்தான். பாட்டு டீச்சர் சிரித்துவிட்டு, 'இங்க வா' என்று எழுதிக்கொண்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் போனார்கள். ஆறாவது வாரம் ஃபிட்டர் அந்த அறையில் உட்கார்ந்து, பாட்டு டீச்சர் கையைத் தட்ட, தண்-ணி-வே-ணும் என்று மேலும் கீழுமாகப் பாடினார். எட்டாவது வாரம் அவள் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டினாள், அவர் தனியாகப் பாடினார். வீட்டில் தினம் இருமுறை மனைவியும் இதையே செய்ய வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே ஏற்பாடு.

வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, அவள் கட்டிலோரம் உட்காருவாள். அது ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட இரும்புக் கட்டில், தலைமாட்டில் கம்பி வைத்தது. அவர் இடது கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டிப் பாடுவாள். தண்-ணி. வே-ணும். அவர் வாயை மூடிக்கொள்வார். அவள் முகத்தையே பார்ப்பார். கை மட்டும் அவள் பிடிக்குள் ஒரு தடவை வெடுக்கென்று துள்ளும், உதறிக்கொள்ளப் பார்ப்பது போல. மறுபடி தட்டுவாள். மறுபடி அந்தப் பார்வை, மறுபடி அந்த ஒற்றைத் துள்ளல்.

மகள் தட்டினால்கூட ஏதோ பாதியாவது வந்தது. அவள் தட்டினால் சுவர்.

"டீச்சர்கிட்டப் பாடுறாரு. உன்கிட்டப் பாடுறாரு. என்னத்தான் புடிக்கல" என்றாள் மகளிடம்.

"லூசு மாதிரி பேசாத. உன்ன ஏன்மா புடிக்காமப் போகுது?"

ஏன் என்று அவளுக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை தட்டியிருப்பார்? வாயும் போய், வலது கையும் போய், இடது கைக்கு ஸ்பேனரை மாற்றிக்கொண்டு தட்டியவருக்கு இவளுடைய கால்கள் தெரிந்திருக்கும். தறிக்கும் தறிக்கும் நடுவே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த கால்கள். ஒரு தடவைகூடத் திரும்பாத கால்கள். அந்த மனுசன் இனி எதற்கு அவளிடம் வாயைத் திறக்க வேண்டும்? அவர் பார்வையின் அர்த்தம் இதுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தறியில் நிற்கும்போது கை பாட்டுக்கு அறுந்த நூலை முடிந்தது. நெஞ்சு பாட்டுக்கு இதையே நெய்தது.

பதினோராவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த காலையில், பாட்டு டீச்சரே வீட்டுக்கு வந்தாள். வீட்டில் நடக்கவில்லை என்றால் அறையில் நடப்பதில் பாதிப் பயன்கூட இல்லை என்றாள். குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தாள். தறிக்காரி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தாள்.

"நான் இல்லேன்னு நெனச்சுக்கிட்டு, தெனம் செய்யறத அப்படியே செய்யுங்கம்மா."

தறிக்காரி தட்டினாள். ஃபிட்டர் பார்த்தார். கை துள்ளியது. வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்கல்ல" என்று கையை விட்டுவிட்டு எழுந்து, தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டு டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதோ ஒன்று சரியில்லை, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. எழுந்து கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போனாள். யோசனையில் கையிலிருந்த பேனாவால் கம்பியில் தன்னையறியாமல் தட்டினாள். டக் டக்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற தறிக்காரி சட்டென்று திரும்பினாள். கட்டிலில் கிடந்த ஃபிட்டரும் அதே நொடியில் தலையைத் திருப்பினார். தட்டிய டீச்சரை அவர் பார்க்கவில்லை. மனைவியின் வாயைப் பார்த்தார். பிடிப்பார் இல்லாத இடது கை, கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டியது.



"என்னம்மா அது?" என்றாள் பாட்டு டீச்சர் மெதுவாக.

தறிக்காரி சொன்னாள். ஆளுக்கு ஒரு கணக்கு. கூப்பிட்டால் இரண்டு, பதிலுக்கு ஒன்று. கூப்பிட்டவர் பேசுவார், வந்தவர் வாயைப் பார்ப்பார். சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் தேய்ந்தது.

பாட்டு டீச்சருக்கு நூலில் சிக்கு அவிழ்ந்தாற்போல் இருந்தது. "மறுபடி தட்டுங்க. என் கையில தட்டுங்க, தண்ணி வேணும்னு."

தட்டினாள். டக் டக். ஒரு மூச்சு. டக் டக்.

"நான் நாலையும் ஒரே சீராத் தட்டுவேன். நீங்க ரெண்டு ரெண்டாப் பிரிச்சுத் தட்டுறீங்க. இருவத்தாறு வருஷம் பழகின கை, அதுக்கு வேற தெரியல. அவருக்கு அது தண்ணி இல்லம்மா. நீங்க அவரக் கூப்பிடுறீங்க. கூப்பிட்டவங்க பேசட்டும்னு உங்க வாயப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. பதில் தட்டவும் முயற்சி பண்ணியிருக்காரு. தட்ட இருக்கிற ஒரே கையத்தான் நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களே."

வெடுக்கென்ற அந்த ஒற்றைத் துள்ளல். அது உதறல் இல்லை. வந்துட்டேன். தினம் இருமுறை, பதினோரு வாரம், கணக்கு வைக்க முடியாத அளவுக்கு அவர் அவளுக்கு 'வந்துட்டேன்' சொல்லியிருக்கிறார்.

அவள் கட்டிலோரம் போய் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே தட்டாதீங்க" என்றாள் பாட்டு டீச்சர். "அமுக்குங்க. ஒவ்வொரு அசைக்கும் ஒரு அமுக்கு. அமுக்குறதுக்கு உங்க பாஷையில அர்த்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

அமுக்கினாள். அவர் கொஞ்சம் குழம்பினார். மூன்றாவது தடவை, பழைய கதவு திறப்பது போல, தண்-ணி-வே-ணும் என்று வந்தது. அவளுக்கு மேல் சுரம் கேட்கவில்லை, கீழ் சுரம் கேட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி அவர் வாயில், பாதி தலையணையில்.

போகும்போது பாட்டு டீச்சர் வாசலில் நின்று குடையை விரித்தாள். "அம்மா, நான் பேசும்போதெல்லாம் என் உதட்டத்தான் பாக்குறீங்க. நான் தட்டினத நீங்க காதால கேக்கல. கம்பியில இருந்த கைதான் சொல்லுச்சு. சரியா?"

தறிக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"செவ்வாக்கிழமை காதுக்கும் சேத்துச் சீட்டு போட்டுடலாம்."

அடுத்தடுத்த நாட்களில் பத்தில் ஏழு வாக்கியங்கள் வந்துவிட்டன. மகள் தெருவெல்லாம் சொன்னாள். சோடாபுட்டி வந்து கேட்டுவிட்டு, "நம்ம சூப்பர்வைசர விட நல்லாத்தான் பாடுறாரு" என்றாள். எல்லாருக்கும் ஒரு கஷ்டம் விடிந்தது போலிருந்தது. தறிக்காரிக்கு மட்டும் முள் இடம் மாறியதே தவிர வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் தட்டாமல் இருக்கத் தெரியாத மனுசன் அவர். ஒரு கையும் ஒரு சொல்லும் மிச்சமிருந்த நிலையிலும் தட்டியிருக்கிறார். இரண்டு காலும் இரண்டு கையும் நன்றாக இருந்தவள் அன்றைக்கு ஒரு தட்டுத் தட்டவில்லை. அவர் அவளை வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போல இருந்தது.

ஒரு நாள் மதியம், ஷிஃப்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மகள் வரவில்லை. சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவள் கட்டிலின் தலைமாட்டோரம் அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு, கம்பியில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடிக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் அவள் வாயைப் பார்த்தார்.

"எனக்குக் காது போயி மூணு வருஷமாச்சு. உங்ககிட்ட மறச்சுட்டேன். அன்னிக்கு நீங்க தட்டுனது எனக்குக் கேக்கல. சத்தியமாக் கேக்கல. கேட்டிருந்தா எல்லாத் தறியையும் நிறுத்திட்டு ஓடி வந்திருப்பேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் கொண்டு போயிருந்தா இந்தக் கையும் வாயும் இருந்திருக்கும். டாக்டரு வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான். நீங்க என்மேல கோவமா இருக்கீங்களா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

பாட்டு டீச்சரின் தாளில் இதற்குப் பதில் இல்லை. அதில் இருந்தவை தண்ணீர், பசி, வலி, படுக்கை. பத்து வாக்கியங்களால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். இருபத்தாறு வருடத்துக்கு அவை பற்றாது. பாட்டு என்கிற சந்து, போட்டுக் கொடுத்த இடங்களுக்குத்தான் போகும். பழகப் பழக நீளும் என்று பாட்டு டீச்சர் சொல்லியிருந்தாள். எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஃபிட்டரின் உதடு அசைந்தது. எதையோ தேடியது. இடது கை போர்வைமேல் ஒரு தடவை அழுந்தியது, இன்னொரு தடவை அழுந்தியது.

"போ-தும்."

மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம். அவளுக்குக் கீழ் சுரம் மட்டும் கேட்டது. மேலே போனதை உதட்டில் பார்த்தாள்.

போதும் என்றால்? நீ சொன்னது போதும், நிறுத்து என்றா? அழுதது போதும் என்றா? தட்டு நிறைந்த பிறகு சொல்வாரே, அந்தப் போதுமா? அவள் அவர் முகத்தில் தேடினாள். பாதி முகம் ஏதோ சொன்னது. மறுபாதி எப்போதும் போல ஒன்றும் சொல்லவில்லை.

"எந்தப் போதும்?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய், விரல் முட்டியால் கட்டில் கம்பியில் தட்டினார். அவள் கை கம்பியின்மேல் இருந்தது. இரும்பு அவள் எலும்புக்குள் அதைச் சொன்னது.

இரண்டு தட்டு.

இரண்டடிகூட இல்லாத தூரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவளை அவர் கூப்பிட்டார்.

அவள் ஒரு தட்டுத் தட்டினாள்.

இனிச் சட்டப்படி அவர்தான் பேச வேண்டும். வாயைத் திறந்தார். அதான் என்று தொடங்கி அதையும் விழுங்கிவிட்டார். மறுபடி திறந்தார். தூரத்தில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. தடித்த சத்தம், அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.